பழியெல்லாம் கார்புரேட்டர் மீது

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்து, தஞ்சை, புதுக்கோட்டை ஜில்லாக்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, விழுந்த மரங்களை அப்புறப்படுத்துவதில் பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கும் மெஷின் பெரிதும் கைகொடுத்தது. அந்த மெஷினை வாங்கி வைத்திருக்கும் விவசாயி, வேலை முடிந்ததும் அதைக் கொட்டகை மூலையில் போட்டுவிட்டு, அடுத்த ஐப்பசியில் எடுத்துக் கயிற்றை எத்தனை முறை இழுத்தும் அது கிளம்பாமற்போனால், முதல் காரியமாக ஸ்குரூடிரைவரை எடுத்துக் கார்புரேட்டரின் திருகுகளைத் திருப்ப ஆரம்பித்துவிடுகிறார். போன வருஷம் நன்றாக ஓடிய யந்திரத்தின் திருகுகள் மூலையில் கிடந்தபடியே தாமாகத் திரும்பியிருக்க நியாயமில்லை. ஆகவே திருகைத் தொடுவது பரிசோதனையின் கடைசிப் படியாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

பழைய மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரில் ஒரு கிண்ணமும், அதில் நிற்கும் பெட்ரோலின் மேல் மிதக்கும் மிதவையும் உண்டு. பக்கவாட்டிலும் தலைகீழாகவும் பிடித்து அறுக்க வேண்டிய மெஷினுக்கு அந்த ஏற்பாடு உதவாது. ஆதலால் இதில் மிதவையின் ஸ்தானத்தில் டயஃப்ரம் எனப்படும் மெல்லிய சவ்வுகள் இரண்டு வேலை செய்கின்றன. பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும்போது எஞ்சினின் அடியறையில் உண்டாகும் அழுத்த மாறுதல்களால் துடித்து, டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துக் கொடுப்பது ஒன்று. எஞ்சின் உறிஞ்சும் வேகத்துக்கு ஏற்ப உள்ளே தாழ்ந்து, ஒரு சிறு நெம்புகோலை அழுத்தி, ஊசி வால்வைத் திறந்து வேண்டிய அளவு மட்டும் விடுவது மற்றொன்று. இவ்வளவு சூக்ஷ்மமான சவ்வுகளுக்குப் பிரதான சத்துரு, மாதக்கணக்கில் உள்ளேயே தங்கிவிட்ட பெட்ரோல். இப்போது நம் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நாளடைவில் ரப்பர் பாகங்களையும் கெடுக்கும். நீண்ட நாள் ஓய்வு கொடுக்கும் முன் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் எஞ்சியிருப்பது தீர்ந்து எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிட்டு வைத்தால் பாதித் தொல்லை வராது.

கிளம்பாத மெஷினில் முதலில் பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு, புதிதாக ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். 50-க்கு 1 என்று குறித்திருந்தால் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில். தூசி அடைத்த ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்துவிட்டு, சோக் போட்டுச் சில தடவை இழுத்தபின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதுவே பாதிக் கதையைச் சொல்லிவிடும். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. தீப்பொறி இல்லாமலிருக்கலாம், அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி நிரம்பியிருக்கலாம். வறண்டிருந்தால் பெட்ரோல் வழியிலேயே எங்கோ தடைப்படுகிறது. டேங்கினுள் குழாயின் நுனியில் இருக்கும் ஃபில்டரைக் கம்பிக் கொக்கியால் வெளியே இழுத்துப் பார்க்க வேண்டியது அப்போதுதான். சில நிமிஷம் நன்றாக அறுத்துவிட்டுப் பிறகு நின்றுபோகிற மெஷினாக இருந்தால், அதைச் சற்று ஆறவிட்டு டேங்க் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போய், மறுபடி எஞ்சின் ஒழுங்காக ஓடுமானால், டேங்கின் காற்றுத் துவாரம் அடைபட்டிருக்கிறதென்று நிச்சயிக்கலாம். இதற்காகக் கார்புரேட்டரைப் பிரித்துக் கெடுத்தவர்கள் அநேகர்.

இத்தனையும் சரியாயிருந்தும் பயனில்லையென்றால்தான் கார்புரேட்டரைப் பிரிக்க வேண்டும். வெள்ளைத் துணியை விரித்து, கழற்றுகிற ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே வைப்பது அவசியம். கேஸ்கட்டும் சவ்வும் இடம் மாறினால் எல்லாம் வீண். நல்ல சவ்வு விரலுக்கு மெத்தென்று வளைந்துகொடுக்கும். கெட்டது காய்ந்த வெற்றிலை போல் விறைத்துச் சலசலக்கும். பம்ப் பக்கத்து மூடியின் அடியில், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய வலை ஒன்று பதிந்திருக்கும். அதில் படியும் பழுப்பு நிறப் பிசின் ஒன்றே பெட்ரோலை மறிக்கப் போதுமானது. துவாரங்களில் கம்பியை விட்டுக் குத்தக் கூடாது. துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் பெட்ரோலின் கணக்கே மாறிவிடும். கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்து ஊதினால் போதும், அதையும் சவ்வுகளை எடுத்த பிற்பாடுதான் செய்ய வேண்டும். விறைத்த சவ்வுக்கு வைத்தியம் கிடையாது. ரிப்பேர் கிட் வாங்கிச் சவ்வு, கேஸ்கட், ஊசி மூன்றையும் மாற்றிவிடுவதே உத்தமம்.

இனித் திருகுகள். ஐடில் திருகு வெறும் வேகத்தைப் பார்த்துக்கொள்வது. ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் செயின் சுற்றினால் அதைக் குறைக்க வேண்டும், குறைத்தும் சுற்றினால் கிளட்ச் ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும். எல் திருகு மெதுவான ஓட்டத்துக்கு உரியது. ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் எஞ்சின் தயங்கி அணைவது பெரும்பாலும் இங்கே பெட்ரோல் போதாமையின் லக்ஷணம். எச் திருகு முழுவேகத்துக்கு உரியது, ஆபத்தெல்லாம் இதில்தான். வலப்புறம் திருப்பினால் பெட்ரோல் குறையும், சத்தம் கூர்மையாகும், மெஷினுக்குப் புதிய பலம் வந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் இந்த எஞ்சினுக்கு எண்ணெயும் பெட்ரோலோடு கலந்தே போகிறபடியால், பெட்ரோலைக் குறைப்பவர் எண்ணெயையும் குறைத்து, சூட்டைக் கூட்டி, பிஸ்டன் சிலிண்டரோடு உராய்ந்து இறுகிப்போக வழி செய்கிறார். வேகத்தை அளக்கும் டாக்கோமீட்டர் கைவசம் இல்லாதவர் எச் திருகை மெக்கானிக்கிடமே விட்டுவிடுவது நல்லது.

நீலகிரிக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மேட்டுப்பாளையத்தில் சரியாக ஓடிய மெஷின், ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில், காற்று அடர்த்தி குறைந்திருப்பதால், புகை கக்கிச் சோர்ந்து ஓடும். அங்கே பெட்ரோலைக் கொஞ்சம் குறைத்து வைப்பது நியாயந்தான். ஆனால் திரும்பிக் கீழே இறங்கியதும், முதல் மரத்தில் செயினை வைப்பதற்கு முன்பாகவே, அந்தத் திருகைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.