கவச எஃகும் வெல்டிங் சூடும்

சென்னையை அடுத்த ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965இல் முதல் விஜயந்தா டாங்கி உருவானது. இன்று அந்த வரிசை அர்ஜுன்வரை வந்திருக்கிறது. எஃகுத் தகடுகளை ஒன்றோடொன்று இணைத்தால்தான் டாங்கிக்கு உடல் அமையும். முன்பு ரிவெட் அடித்து இணைத்தார்கள். குண்டு பட்டால் ரிவெட்டின் தலை தெறித்து உள்ளே இருப்பவர்களையே தாக்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்த இடத்தை வெல்டிங் பிடித்தது. கூடவே புதிய சிக்கலும் வந்தது.

கவச எஃகு செய்ய, கொஞ்சம் கரியும் நிக்கல், குரோமியம், மாலிப்டினமும் கலந்த இரும்பைச் சுமார் 900 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிச் சட்டென்று குளிர்விக்கிறார்கள். இரும்புக்குள் கரைந்திருந்த கரியணுக்கள் வெளியேற நேரமின்றிச் சிக்கிக்கொள்கின்றன. இறுகிய இந்த அமைப்பின் பெயர் மார்ட்டென்சைட். மிகக் கடினம், ஆனால் எளிதில் உடையும். மறுபடி அளவாகச் சூடுபடுத்தினால் உடையாத உறுதியும் சேர்கிறது. கொல்லர் அருவாளுக்குத் துவைச்சல் கொடுப்பதும் இதே வேலைதான்.

இந்தப் பக்குவத்தை வெல்டிங் குலைக்கிறது. உருகும் கோடு 1,500 டிகிரியை எட்டுகிறது. அதை ஒட்டிய பகுதி சிவந்து, சுற்றியுள்ள குளிர்ந்த தகடு சூட்டை இழுத்துக்கொள்வதால் விரைவாக ஆறி, பக்குவப்படாத மார்ட்டென்சைட்டாக மாறுகிறது. வெல்டிங் ராடில் ஈரம் இருந்தால் அதிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் அங்கே புகுந்து, வேலை முடிந்து சில நாள் கழித்துக்கூட விரிசல் விடச் செய்யும். ராடை உலர்த்துவதும் தகட்டை முன்கூட்டியே வெதுவெதுப்பாக்குவதும் இதற்காகத்தான்.

சற்றுத் தள்ளி, அவ்வளவு சூடேறாத பகுதியில் நடப்பது வேறு. சிக்கியிருந்த கரியணுக்கள் விடுபட்டு கார்பைடுத் துகள்களாகத் திரள்கின்றன. ஓர் அணுகூடக் குறையவில்லை. அவை நிற்கும் முறை மாறியதுமே கவசத்தின் கடினம் சரிகிறது. முழு உடலையும் மறுபடி சூடாக்கிக் குளிர்வித்தால் அது கோணிப்போகும். ஆகவே சூட்டைச் சிக்கனமாகக் கொடுப்பதே வழி. மென்மையாகும் பகுதி இணைப்பின் மையத்திலிருந்து 15.9 மி.மீ.க்குள் அடங்க வேண்டும் என்கிறது அமெரிக்க ராணுவத் தரவிதி.

ஹைட்ரஜன் விரிசலைத் தவிர்க்க ஆஸ்டெனைட் வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ராடைப் பயன்படுத்துகிறார்கள். ஹைட்ரஜனை அது தனக்குள்ளேயே கரைத்து வைத்துக்கொள்ளும். ஆனால் மென்மையானது, குண்டுக்கு அந்த இணைப்பே வழிவிட்டுவிடும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வி. பாலசுப்பிரமணியன் குழுவினர், ஐதராபாத் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகத்தின் ஜி. மதுசூதன் ரெட்டியுடன் சேர்ந்து இதற்கு விடை தேடினார்கள். ஸ்டெயின்லெஸ் படலங்களுக்கு நடுவே குரோமியம் கார்பைடு நிறைந்த கடின அடுக்கு ஒன்றை வைத்தார்கள். சோதனையில் அந்த அடுக்கு குண்டைத் தடுத்து நிறுத்தியது.

டாங்கிக்குள் இருக்கும் வீரர்களின் உயிர், தகட்டின் தடிமனை நம்பியிருக்கும் அளவுக்கு, இணைப்பை ஒட்டிய அந்த விரற்கடை அகலத்தையும் நம்பியிருக்கிறது. அங்கே சூட்டை அளந்து கொடுக்கும் வெல்டரின் கைப்பக்குவமும் கவசத்தில் ஒரு பாகம்.