ஆரஞ்சு வயரைத் தொடும் முன்

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகும் சாலையோரத்து மெக்கானிக் ஷெட்டுகளில் ஒரு காலத்தில் காதுதான் பெரிய கருவி. நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, எந்த பேரிங் அழுகிறது என்று சொல்லிவிடுவார் அண்ணன். பையன்கள் பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றார்கள்.

இன்றைய வண்டியில் பல கோளாறுகளுக்குச் சத்தமே கிடையாது. டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் எரியும். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 விதி வந்தபின் புகை வெளியேறும் வழியில்கூட சென்சர்கள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. ஸ்கேனரை மாட்டினால் ஒரு கோட் வரும். அது எங்கே வலிக்கிறது என்று சொல்லுமே தவிர, என்ன நோய் என்று சொல்லாது. கடலோரத்தில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. உப்புக்காற்று பட்டு கப்ளருக்குள் செம்பு பச்சை பூத்துவிடும். ஐந்து வோல்ட்டில் வேலை செய்யும் சென்சருக்கு அந்த இடத்தில் அரை வோல்ட் குறைந்தாலே கம்ப்யூட்டர் தப்பாகக் கணக்குப் போடும். ஸ்கேனர் 'சென்சர் கோளாறு' என்று காட்டும், சென்சரை மாற்றுவார்கள், பத்து நாளில் விளக்கு மறுபடி எரியும். என் காருக்கே இரண்டு முறை சென்சர் மாற்றினார்கள். கடைசியில் மல்டிமீட்டரோடு வந்த ஒரு இளைஞர்தான் துருப்பிடித்த எர்த் வயரைக் கண்டுபிடித்தார். வயரிங் படம் படிப்பது, மின்னழுத்தம் எங்கே விழுகிறது என்று அளப்பது, கம்பெனி மேனுவலைப் புரிந்துகொள்வது ஆகிய மூன்றும் தெரியாமல் இனி இந்தத் தொழிலில் நிற்க முடியாது.

படிக்க மேனுவல் கிடைத்தால்தானே என்று ஷெட்காரர்கள் கேட்பது நியாயம். 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்கு எட்டாமல் வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்தப் பட்டியலில் மறைமலைநகரில் ஆலை வைத்திருந்த ஃபோர்டு, மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் கார் பூட்டும் பி.எம்.டபிள்யூ., அங்கேயே ஆராய்ச்சி மையம் நடத்தும் மகேந்திரா ஆகிய மூன்றும் இருந்தன. நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறக்கும் வண்டியை நம் மாவட்டத்து மெக்கானிக்கே திறந்து பார்க்க முடியவில்லை என்றால் வேறென்ன சொல்வது! வெளியில் பழுது பார்த்தார் என்பதற்காக மட்டும் வாரண்டி முழுவதையும் ரத்து செய்யக் கூடாது என்றும் ஆணையம் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போனதால் விஷயம் இழுத்துக்கொண்டே போனது. இதற்கிடையே 2022 டிசம்பர் 24 அன்று மத்திய நுகர்வோர் துறை 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தைத் திறந்தது. அதில் வாகனத் துறையும் உண்டு. பழுதுபார்ப்பு விவரங்களை நிறுவனங்கள் பொதுவில் வைப்பதற்கான இடம் அது. தேடியது கிடைக்காவிட்டால் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதி, வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டதற்கு நாளை எந்தச் சாட்சியும் இருக்காது.

தெரியாமல் கை வைத்தால் பணம் மட்டும் போவதில்லை. 12 வோல்ட் பேட்டரியில் வயரை உரசி நெருப்புப் பொறி வருகிறதா என்று பார்த்தே பழகிய கைகள் நம்முடையவை. மின்சார ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் 48 முதல் 72 வோல்ட், கார்களில் 300, 400 வோல்ட்டும் அதற்கு மேலும் ஓடுகிறது. நேர்மின்னோட்டத்தில் 60 வோல்ட்டைத் தாண்டினாலே உயிராபத்து என்று கணக்கு. கார்களில் உயர் மின்னழுத்தம் ஓடும் வயருக்கு ஆரஞ்சு நிற உறை போட்டிருப்பது அழகுக்காக அல்ல. மோதிரம், செயின், வாட்ச் எல்லாம் கழற்ற வேண்டும். வண்டியை அணைத்து, சாவியைத் தொலைவில் வைத்து, 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவைப் பிரித்து, சர்வீஸ் பிளக்கை உருவி உங்கள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வேறு யாரும் தெரியாமல் திரும்பச் செருகிவிடக் கூடாது. பிறகு மேனுவல் சொல்லும் நிமிடங்கள் காத்திருக்க வேண்டும், கெப்பாசிட்டருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். 1000 வோல்ட் தாங்கும் மீட்டரால் பூஜ்ஜியம் என்று அளந்த பிறகே ஸ்பேனரை எடுக்கலாம். கையுறையும் 1000 வோல்ட்டுக்குச் சோதித்ததாக இருக்க வேண்டும். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை உதவாது. தினமும் அந்த 1000 வோல்ட் கையுறைக்குள் காற்றடைத்து ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். தனியாளாக இந்த வேலையில் இறங்கவே கூடாது. ஒருவருக்கு ஷாக் அடித்தால் வெறுங்கையால் இழுக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

மிக்ஜாம் போல் ஒரு புயல் வந்து வெள்ளத்தில் மூழ்கிய மின்வண்டியை ஷெட்டுக்குள் நிறுத்த வேண்டாம். நனைந்த லித்தியம் பேட்டரி நாட்கள் கழித்தும் தீப்பிடிக்கலாம், திறந்த வெளியில் மற்ற வண்டிகளிலிருந்து தள்ளியே நிறுத்துங்கள். டீசல் வண்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சி.ஆர்.டி.ஐ. இன்ஜினில் கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஆயிரக்கணக்கான பார் அழுத்தத்தில் பீறிடும் டீசல் ஊசிபோல் தோலுக்குள் இறங்கிவிடும். குண்டூசி முனையளவு காயம்தானே என்று விட்டவர்கள் விரலை இழந்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் முறையாகக் கற்க, பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள், மெக்கானிக் எலக்ட்ரிக் வெஹிக்கிள் என இரண்டு ஆண்டுப் பிரிவுகள் உண்டு. தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐ.டி.ஐ.களில் புதிய கருவிகள் நிறுவும் திட்டத்தை எடுத்துக்கொண்டது. செங்கல்பட்டிலும் ஒரகடத்திலும் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. எந்தப் பிரிவு எங்கே உண்டு என்று சேருமுன் நேரில் போய்ப் பாருங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்து வந்தவருக்குப் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். 'மூன்று மாதத்தில் மெக்கானிக், வேலை உறுதி' என்று நோட்டீஸ் ஒட்டும் இடங்களில் பணம் கட்டுமுன் ஒரே கேள்வி போதும்: சான்றிதழ் தருவது யார்? அதில் தேசியத் தொழிற்பயிற்சிக் குழுமமான என்.சி.வி.இ.டி.யின் (முன்பு என்.சி.வி.டி.) பெயர் இல்லையென்றால் அரசு வேலைக்கோ பெரிய ஆலைக்கோ அதைக் கொண்டுபோய்ப் பெரும்பாலும் பயனில்லை.

படிப்பு முடிந்து ஆலையிலோ சர்வீஸ் சென்டரிலோ சேரும்போது 'ட்ரெயினி' என்ற சொல்லில் மயங்காதீர்கள். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி நீங்கள் அப்ரண்டிஸ் என்றால் எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும், அது அரசு இணையதளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். 2019இல் திருத்திய விதிகள் ஐ.டி.ஐ. சான்று உள்ளவருக்குக் குறைந்தது மாதம் 7,000, டிப்ளமோவுக்கு 8,000 ரூபாய் உதவித்தொகை என்று நிர்ணயித்தன. இத்தனை வண்டிக்கு இவ்வளவு என்று உருப்படிக் கணக்கில் கொடுக்கக் கூடாது. தொழிற்பழகுநர் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது. வேலையில் அடிபட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். ஆனால் பயிற்சி முடிந்ததும் நிரந்தர வேலை தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை; 'கன்ஃபர்ம் பண்ணிடுவோம் தம்பி' என்றால் எழுதிக் கேளுங்கள். அசல் சான்றிதழைக் காட்டுங்கள், விட்டுவிட்டு வராதீர்கள். தகராறு வந்தால் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் வழி கேட்கலாம். 14 வயது நிரம்பாத பையனை ஷெட்டில் வேலைக்கு வைப்பது குற்றம். பார்த்தால் 1098க்குச் சொல்லுங்கள்.

வண்டிக்காரர்களும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஜாப் கார்டு, விவரமான பில், கழற்றிய பழைய பாகம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் 1915 நுகர்வோர் உதவி எண் உண்டு, செங்கல்பட்டு நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை.

காதால் கற்ற அந்த அண்ணன்களின் கையில் ஒரு காகிதமும் இல்லை. அனுபவத்தையே சோதித்துச் சான்று தரும் 'முன்கற்றல் அங்கீகாரம்' அவர்களுக்கு உண்டு. சொந்த ஷெட்டில் உழைப்பவர்களுக்கு ஓட்டுநர்கள், வாகனப் பழுதுபார்ப்போருக்கான நலவாரியமும் இருக்கிறது: விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்புக்குப் பணம், அறுபதுக்குப் பின் ஓய்வூதியம். பதிவுக்குக் கட்டணமில்லை, தொழிலாளர் துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். 18 முதல் 60 வயதுக்குள் இருக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்ட தலைமுறையில் பலருக்கு இப்போது ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது.