சொல்லத் தயங்கும் அரிப்பு

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டிச் சற்றுத் தூரம் சென்றால் கியா பார்ம். காய்கறித் தோட்டமும் தேயிலை மலையும் சூழ்ந்த குளிர்ந்த ஊர். மருத்துவமனைக்குத் தானா ராத்தா வரை இறங்க வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும், சொல்லவும் கூச்சம். ஆகவே பிறப்புறுப்பில் அரிப்பும் வெள்ளைப்படுதலும் கண்டால் 'உடம்புச் சூடு' என்று இளநீரும் வெந்தயமும் குடித்துப் பொறுத்துக்கொள்கிறோம்.

இது சூடு அன்று. ஒழுக்கக் குறைவும் அன்று. நான்கு பெண்களில் மூவருக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் வருவது. கேண்டிடா என்ற காளான் கிருமி நம் உடம்பில் சிறிதளவு இருப்பது இயல்பே. ஆன்டிபயாட்டிக் மாத்திரை, கர்ப்பம், இனிப்பு நீர் போன்ற காரணங்களால் அது பெருகிவிடுகிறது.

இதற்கு மருந்து உண்டு. இக்கிருமியை அடக்கும் நிஸ்டாட்டினை 1950-ல் அறிவித்தவர்கள் அமெரிக்காவின் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரு பெண்களே. இன்று மருந்துக்கடையில் மருந்தாளுநரிடம் குளோட்ரிமசோல் கேட்கலாம். இது விழுங்கும் மாத்திரை அன்று. படுக்கப் போகும்போது பிறப்புறுப்பின் உள்ளே வைப்பது. 500 மில்லிகிராம் என்றால் ஓர் இரவு. 200 என்றால் மூன்று இரவுகள். அரிப்பு அடங்கினாலும் பாதியில் நிறுத்தக் கூடாது. மாதவிலக்கு நாட்களில் வைக்க வேண்டாம். இம்மருந்து ஆணுறையைப் பலவீனப்படுத்தும் என்பதையும் நினைவில் வைப்போம்.

பக்கத்து வீட்டார் தந்த களிம்பைத் தடவுவதும், கிருமிநாசினி நீரால் உள்ளே கழுவுவதும் தீமையே.

சரி, எப்போது கடையோடு நிற்கலாம்? முன்பு மருத்துவர் பார்த்துச் சொன்ன அதே நோய் திரும்பி வந்து, தயிர்த் திப்பி போன்ற வெள்ளையும் அரிப்பும் மட்டும் இருந்தால் நிற்கலாம். முதல் முறை என்றாலும், கருவுற்றிருந்தாலும், துர்நாற்றம், பச்சை நிறம், இரத்தம், அடிவயிற்று வலி, காய்ச்சல் இருந்தாலும் மருத்துவரிடமே போக வேண்டும். ஆறு மாதத்தில் இரண்டாம் முறை வந்தால் இரத்தத்தில் சர்க்கரையும் பார்க்கச் சொல்வோம். அறியாத இனிப்பு நீர் நோய் சில வேளை இப்படித்தான் முதலில் முகம் காட்டும்.

கூச்சத்தால் இழப்பது ஒரு நாள் கூலியைவிடப் பெரிது. "வெள்ளைப்படுது, அரிக்குது" என்று சொன்னால் போதும், சகோதரிகளே. மருந்தாளுநருக்கு அது தினமும் கேட்கும் சொல்தான்.