உலோக அயனி ஒளிருணரி

உலோக அயனி ஒளிருணரி என்பது, குறிப்பிட்ட உலோக அயனியுடன் சேரும்போது தனது உடனொளிர்வை மாற்றிக்கொள்ளும் மூலக்கூறு ஆகும். ஒரு பொருள் ஒளியை உட்கொண்டு, அதைவிட நீண்ட அலைநீளமுடைய ஒளியை உடனே வெளிவிடுவது உடனொளிர்வு எனப்படும். 1867 இல் பிரீட்ரிக் கோப்பெல்சுரோடர், மோரின் என்னும் தாவரச் சாயத்தைக் கொண்டு அலுமினியத்தைக் கண்டறிந்தார். இதுவே இம்முறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

அமைப்பு

இத்தகைய உணரியில் பொதுவாக மூன்று பகுதிகள் உள்ளன. அவை அயனியைப் பற்றும் ஏற்பி, ஒளியை வெளிவிடும் ஒளிரி, இவ்விரண்டையும் இணைக்கும் சிறு பாலம் என்பனவாகும். இவ்வமைப்பை வளர்த்தெடுத்தவர்களுள் இலங்கை வேதியியலாளர் அ. பிரசன்ன டி சில்வா முதன்மையானவர். 1986 இல் வெளியான ஆய்வொன்றில், அந்திரசீன் ஒளிரியாகவும் நைதரசன் கொண்ட கிரவுன் ஈதர் வளையம் ஏற்பியாகவும் அமைந்தன.

செயற்பாடு

அயனி இல்லாதபோது, ஏற்பியிலுள்ள நைதரசனிலிருந்து ஓர் எதிர்மின்னி (இலத்திரன்) கிளர்வுற்ற ஒளிரிக்குத் தாவுகிறது. இதனால் ஒளிர்வு அணைகிறது. அயனி வளையத்தில் அமர்ந்ததும் நைதரசனின் எதிர்மின்னி இணை கட்டுண்டு தாவல் நின்றுவிடுவதால் ஒளிர்வு தோன்றுகிறது. பகுதிகள் தனித்தனியானவை என்பதால், ஒளிரியை மாற்றாமல் ஏற்பியை மட்டும் மாற்றி வேறோர் அயனிக்கு உரிய உணரியை உருவாக்க இயலும்.

தெரிவுத்திறன்

இந்தியத் தரநிலையின்படி (ஐ.எசு. 10500:2012) குடிநீரில் பாதரசத்தின் உச்சவரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். கடல்நீரிலோ சோடியம் மட்டும் லிட்டருக்கு ஏறத்தாழ 10.8 கிராம் உள்ளது. கேளம்பாக்கத்தை ஒட்டிய உப்பங்கழி போன்று கடல்நீர் புகும் இடத்தில் எடுத்த மாதிரியில் அவ்வளவு நுண்ணிய பாதரசத்தைத் தேடினால், அதைப்போல் ஒரு கோடி மடங்கு வரை சோடியம் உடனிருக்கக்கூடும். மேலும், உப்பிலுள்ள குளோரைடு பாதரசத்தைத் தானே பற்றிக்கொள்ளும். தூய நீரில் நன்கு செயற்படும் உணரி இத்தகைய நீரில் பாதரசத்தைக் காணத் தவறலாம். எனவே கந்தகம் போன்று பாதரசத்துடன் மிக வலுவாகப் பிணையும் அணுக்கள் ஏற்பியில் அமைக்கப்படுகின்றன.

அணைதலும் ஒளிர்தலும்

பாதரசம், செப்பு முதலிய அயனிகள் இயல்பாகவே பல சாயங்களின் ஒளிர்வை அணைக்கின்றன. ஒளி மங்கியது அயனியாலா, சாயம் சிதைந்ததாலா என்று அப்போது தெரியாது. இருளிலிருந்து ஒளிரும் உணரியே இதனால் விரும்பப்படுகிறது. 2024 இல் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்த் தடைக்குக் காரணமான ரோடமின்-பி சாயத்தின் வழிப்பொருட்கள் இதற்குப் பயன்படுகின்றன. மூடிய வளைய வடிவில் இவை நிறமற்றவை. அயனி வளையத்தைத் திறந்ததும் இளஞ்சிவப்பாகி ஒளிர்கின்றன. இவற்றுட் சில மீளா வேதிவினையால் செயற்படுவதால் ஒருமுறை மட்டுமே பயன்படும்.