பள்ளிக்கூடத்துக்கு இரண்டு ஏக்கர்

ஹட்டனிலிருந்து நோர்வூட் போகும் பாதையில் டிக்கோயாவைச் சுற்றியிருக்கும் தோட்டத்துப் பள்ளிக்கூடங்கள் பலவற்றுக்கும் இடம் ஏறத்தாழ ஒரே மாதிரிதான். பின்னால் வெட்டி இறக்கிய மண்மேடு, முன்னால் சரிவு, பக்கத்திலேயே லயம். லயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் கிடக்கிற கொஞ்ச நிலத்தில் பீலி, மரக்கறிப் பாத்தி, மாட்டுக்காலை, கோயிலுக்குப் போகும் படிக்கட்டு. அதற்கு அப்பால் எட்டின மட்டும் தேயிலை. பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு கட்டிடம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தால் எல்லாருடைய கண்ணும் அந்தக் கொஞ்ச நிலத்தின் மேல்தான் போய் விழுகிறது.

அந்தக் காலத்தில் இந்தப் பேச்சுக்கே இடமிருக்கவில்லை. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம் தோட்டத்தில் 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் படிப்புக்கு வழி செய்வதைத் துரையின் கடமையாக்கியது. துரை அந்தக் கடமையைத் தன் கணக்கில் மிகக் குறைந்த செலவில் முடித்துக்கொண்டார். பெரும்பாலும் தேயிலைக்கு உதவாத ஒரு துண்டில் தகரக்கூரைக் கொட்டகை, நடுச்சுவர் இல்லாத ஒரே மண்டபம், எல்லா வகுப்புக்கும் ஒரே வாத்தியார். அந்த வாத்தியார்தான் ஊர்க் கடிதங்களை வாசித்துச் சொன்னார், பதிலும் எழுதிக் கொடுத்தார். பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும்போதே வேலைக்குப் பேர் பதியும் வயதும் வந்துவிடும். கொட்டகை எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று லயத்து ஆட்களிடம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி நாட்டின் தலையெழுத்தை மாற்றியது. தோட்டப் பாடசாலைகளோ தோட்டத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டன. மூன்று ஆண்டுகளில் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வந்தது, அடுத்து தோட்ட மக்களின் வாக்குரிமையும் போயிற்று. பள்ளிகள் தோட்டத்தோடு விடப்பட்டதையும் வாக்கு போனதையும் நான் சேர்த்தே பார்க்கிறேன். பெற்றோருக்கு வாக்கு இல்லாத இடத்தில் பள்ளிக்கூடம் கட்டித் தருகிறேன் என்று சொல்லி வர எந்த வேட்பாளருக்கு என்ன தேவை? நாட்டின் மற்றப் பகுதிகளில் மத்திய கல்லூரிகள் எழுந்த காலம் முழுவதும் இங்கே கொட்டகை கொட்டகையாகவே நின்றது.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகு, அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான் இந்தப் பள்ளிகளை அரசு பெரும் எண்ணிக்கையில் பொறுப்பேற்றது. 1980களில் சுவீடனின் உதவி நிறுவனமான சீடாவின் திட்டத்தில் புதிய கட்டிடங்கள் வந்தன. கொட்டகலைக்கு அருகே பத்தனையில் ஜெர்மன் உதவியுடன் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் ஆசிரியர்களாகத் திரும்பி வரத் தொடங்கினார்கள். ஆனால் ஒரு வேலை பாதியில் நின்றுபோயிற்று. பள்ளிக்கூடம் அரசுக்குப் போனது, அதைச் சுற்றியிருந்த நிலம் தோட்டத்தோடேயே கிடந்தது. 1992இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பெனிகளின் கைக்குப் போனபோது பள்ளிக்கூடத்தின் வேலிக்கு வெளியே உள்ள ஒவ்வொரு அடியும் கம்பெனியின் குத்தகைக்குள் போயிற்று. குத்தகை முடிவது 2045இல்.

இன்று நிலைமை வேறு. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது, கூட்டம் போடுகிறார்கள், ஆளுக்கு ஆள் பேசுகிறார்கள். பேசுவதில் நியாயம் இல்லாத பேச்சு என்று ஒன்றைக்கூட என்னால் எடுத்துக் காட்ட முடியாது.

தாய்மார் பெரும்பாலும் விரிவாக்கத்தின் பக்கம். தரம் 11 முடித்த பெண்பிள்ளை உயர்தரத்துக்கு ஹட்டனுக்குப் போக வேண்டும், மாலை வகுப்பு முடிந்து பஸ் பிடித்து இறங்கும்போது பனிமூட்டத்தில் வழி தெரியாது. பிரதான பாதையிலிருந்து மேல் டிவிஷன் லயத்துக்கு இன்னும் ஏற வேண்டும். கணிதமும் விஞ்ஞானமும் பக்கத்திலேயே இருந்தால் எத்தனையோ பிள்ளைகள் படிப்பை நிறுத்தமாட்டார்கள் என்பதை அவர்கள் கண்ணால் கண்டு சொல்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தை ஒட்டிய லயத்தில் இருப்பவர்களுக்குப் பயம் மண்ணைப் பற்றியது. சரிவை இன்னும் வெட்டினால் மழைத் தண்ணீர் யாருடைய காம்பராவுக்குப் பின்னால் வந்து விழும்? மண்சரிவு எச்சரிக்கை வரும்போது பிள்ளைகளோடு ஓடிப்போய் ஒதுங்குவதும் இதே பள்ளிக்கூடத்தில்தான். தேசிய கட்டிட ஆய்வு நிறுவனம் வந்து பார்த்துச் சொல்லாமல் ஒரு கல்லும் வைக்கக் கூடாது என்று அவர்கள் கேட்பது பள்ளிக்கூடத்துக்கு எதிரான குரலாகாது.

இளைஞர்களின் கணக்கு வேறு. ஏழு பேர்ச் நிலத்தில் தனி வீடு என்ற திட்டம் வந்த நாளிலிருந்து சமதரை எங்கே இருந்தாலும் அதில் ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்க்கிறார்கள். நான்கு தலைமுறை ஒரே காம்பராவில் கிடந்த குடும்பத்துப் பிள்ளையிடம் அந்த இடத்தை ஆய்வுகூடத்துக்கு விட்டுக்கொடு என்று எப்படிச் சொல்வது? கோயில் கமிட்டிக்குத் திருவிழாவுக்கும் காமன் கூத்துக்கும் களம் வேண்டும். சிலர் இன்னும் ஒருபடி மேலே போய், ஆட்கள் கொழும்புக்கு வேலை தேடிப் போய்க்கொண்டிருக்கும்போது, வசதியுள்ளவர்கள் பிள்ளைகளை வேன் வைத்து டவுன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது, இங்கே மாடி எதற்கு என்கிறார்கள். பிள்ளை குறைந்ததால் கட்டிடம் வேண்டாமா, கட்டிடம் இல்லாததால்தான் பிள்ளை குறைந்ததா என்று அவர்களிடம் திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் கேள்வி இன்னும் கூரானது. கட்டிடம் வரும், ஆள் வருவாரா? 2015ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோட்டப் பாடசாலைகளுக்கு சுமார் 3,000 ஆசிரியர் உதவியாளர்கள் மாதம் 6,000 ரூபாய்க் கொடுப்பனவில் சேர்க்கப்பட்டதை அவர்கள் மறக்கவில்லை. ஆசிரியர் விடுதிக்கும் இடம் ஒதுக்காத வரைபடத்தை அவர்கள் வரைபடமாகவே எடுத்துக்கொள்வதில்லை.

இத்தனை பேரும் மோதிக்கொள்வது அந்தச் சில பேர்ச் நிலத்துக்காக. தோட்டப் பாடசாலைக்கு இரண்டு ஏக்கர் என்ற வாக்குறுதியோ மலையகத்தில் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவருவது. வே. இராதாகிருஷ்ணன் கல்வி இராஜாங்க அமைச்சராக இருந்த 2015க்குப் பிந்தைய ஆண்டுகளிலும் அது மறுபடி பேசப்பட்டது. இரண்டு ஏக்கர் என்றால் 320 பேர்ச். வேலிக்கும் லயத்துக்கும் நடுவில் அவ்வளவு நிலம் எங்குமே கிடையாது. அது தேயிலைக்குள்தான் இருக்கிறது.

தேயிலை நிலத்தில் கைவைக்க முடியாது என்பார்கள். டிக்கோயாக்காரர்களிடம் அந்தப் பேச்சு எடுபடாது. காசல்ரீ அணைக்கட்டு 1965இல் முடிந்தபோது பள்ளத்தாக்கின் அடி முழுவதும் தண்ணீருக்குள் போனது. நாட்டுக்கு மின்சாரம் வேண்டியிருந்தது, நிலம் கிடைத்தது. இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில் வைத்தியசாலையை 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி டிக்கோயாவில் திறந்துவைத்தார். வைத்தியசாலை வேண்டியிருந்தது, அதற்கும் நிலம் கிடைத்தது. பள்ளிக்கூடம் என்று வந்தால் மட்டும் ஏன் மாட்டுக்காலையையும் பாத்தியையும் அளக்கிறோம்?

பள்ளிக்கூடம் பெரிதாக வேண்டும், உயர்தரத்தோடு, விடுதியோடு, மைதானத்தோடு. அதற்கான இடத்தை லயத்து மக்களிடம் கேட்பது தவறு. அவர்கள் பெயரில் ஓர் அடி நிலமும் இல்லை. 2045 வரை காத்திருக்கவும் முடியாது, இன்று முதலாம் தரத்தில் சேரும் பிள்ளைக்கு அப்போது இருபத்தைந்து வயதாகிவிடும். அடுத்த கூட்டத்துக்கு அதிபரோடு வலயக் கல்வி அதிகாரியும் பிரதேச செயலாளரும் தோட்ட நிர்வாகமும் வரட்டும். நில அளவையாளரின் சங்கிலி லயத்துப் பக்கம் திரும்பாமல், பாதையைத் தாண்டித் தேயிலை மலைக்குள் போகட்டும். அங்கே எல்லைக்கல் நட்டு, 320 பேர்ச்சையும் பாடசாலையின் பெயரில் எழுதிக் கையில் கொடுத்த பிறகு கட்டிடத்தின் மாடிக் கணக்கைப் பேசலாம்.