தீம் பார்க் போகும் நாளில் சாப்பாட்டுச் செலவு: வளையமாதேவியிலிருந்து திருப்போரூர் வரை

பள்ளிக்கு லீவு விட்டதும் வளையமாதேவி, சேத்தியாத்தோப்பு பக்கத்துப் பிள்ளைகள் முன்பெல்லாம் மாமல்லபுரம் கேட்பார்கள். கொஞ்சம் வசதி இருந்தால் ஈ.சி.ஆர். சாலையில் முட்டுக்காடு எம்.ஜி.எம்., ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி. இப்போது கேட்பது வொண்டர்லா. செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் 2025 டிசம்பரில் அது திறந்ததிலிருந்து வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான்.

டிக்கெட் விலை இணையதளத்தில் இருக்கிறது. வேன் வாடகையை முன்கூட்டியே பேசிவிடலாம். கணக்கில் பிடிபடாமல் கையைக் கடிப்பது சாப்பாடு. ஐந்து பேர் குடும்பம், மூன்று வேளை என்றால் பதினைந்து சாப்பாடு. தலைக்கு ஒரு வேளைக்கு 50 ரூபாய் கூடுதலாகப் போனாலும் 750 ரூபாய். நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு 2025-26-ல் நிர்ணயித்த ஒரு நாள் ஊதியம் 336 ரூபாய். அதாவது, இரண்டு நாள் கூலிக்கும் மேல், இடம் தெரியாமல் உட்கார்ந்து சாப்பிட்ட ஒரே காரணத்துக்காகப் போய்விடுகிறது. கையில் போன் இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்தினால் இந்தப் பணம் மிஞ்சும் என்று பார்ப்போம்.

எந்த வேளை எங்கே?

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். மதியச் சாப்பாடு பெரும்பாலும் பார்க்குக்குள்ளேதான். இப்படிப்பட்ட பூங்காக்கள் பொதுவாக வெளி உணவை உள்ளே விடுவதில்லை. புளிசாதம் கட்டிக்கொண்டு போய் வாசலில் வாக்குவாதம் செய்வதில் பயனில்லை. 2023 ஜனவரி 3-ம் தேதி உச்ச நீதிமன்றம், திரையரங்குகள் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், வெளி உணவுக்குத் தடை விதிக்கும் உரிமை உரிமையாளருக்கு உண்டு என்று சொன்னது. அதே தீர்ப்பில், சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்றும் சொன்னது. அது திரையரங்குக்குச் சொன்னது. ஆனாலும் பார்க்கில் குடிநீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று நுழைந்தவுடன் கேட்டுவைத்துக்கொள்வது நல்லது. பச்சைக் குழந்தைக்குப் பால், சர்க்கரை நோயாளிக்கு வேண்டிய பண்டம், மருந்து இவற்றுக்கு என்ன விதி என்பதை அந்தந்தப் பார்க்கின் இணையதளத்தில் முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். இடையில் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வர விடுவார்களா என்பதையும் டிக்கெட் கவுண்டரிலேயே கேளுங்கள். கையில் பட்டை கட்டியபிறகு கேட்டால் தாமதம்.

ஆக, நம் கையில் இருப்பது காலை டிபனும் ராத்திரிச் சாப்பாடும். காலையில் வெளியே நன்றாகச் சாப்பிட்டுவிட்டால் மதியம் உள்ளே சின்னதாக ஏதாவது வாங்கிச் சமாளிக்கலாம். நன்றாக என்றால் பரோட்டா, பூரி அல்ல. தலைகீழாகச் சுற்றும் ராட்டினத்தில் ஏறப் போகிறவனுக்கு இட்லி போதும். அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

எந்த வழியில் போகிறீர்களோ அதைப் பொறுத்து டிபன் இடம் மாறும். பேருந்து என்றால் வடலூர், பண்ருட்டி, விக்கிரவாண்டி வழியாக கிளாம்பாக்கம் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம். அங்கிருந்து வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையைப் பிடித்து ஓ.எம்.ஆர். போகலாம். செங்கல்பட்டிலேயே இறங்கினால் திருப்போரூர் போகும் சாலை தனியாக இருக்கிறது. வேன் வைத்துக்கொண்டு கடலூர், புதுச்சேரி, ஈ.சி.ஆர். வழியாகப் போகிறவர்களும் உண்டு. எப்படிப் போனாலும் நெடுஞ்சாலையில் வண்டி தானாக நிற்கும் இடத்தில் பசியாற வேண்டாம். டீ குடிக்கலாம், கை கால் கழுவலாம். டிபனை ஊருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் மட்டும் வந்துபோகும் கூட்டத்தை நம்பி நடக்கும் கடைக்கும், தினமும் அதே ஆட்கள் வந்து சாப்பிடும் கடைக்கும் விலையிலும் ருசியிலும் வித்தியாசம் இருக்கும். நெய்வேலி ஆர்ச் கேட் பக்கம் சாப்பிட்டவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

திருப்போரூர் அதற்கு வசதியான ஊர். கந்தசாமி கோயில் இருப்பதால் வெளியூர்க்காரர்களுக்குச் சாப்பாடு போட்டுப் பழகிய ஊர். கோயிலைச் சுற்றியும் பேருந்து நிலையத்தை ஒட்டியும் முதலில் தேடலாம். ஆனால் கிருத்திகை, சஷ்டி, முகூர்த்த நாட்களில் கூட்டம் நெரியும். காலண்டரைப் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள். கேளம்பாக்கம் சந்திப்பு வேறு மாதிரி. ஐ.டி. கம்பெனி ஊழியர்கள், கல்லூரி மாணவர்கள், கட்டட வேலையாட்கள் எல்லாரும் புழங்கும் இடம். மாதக் கணக்கில் அங்கேயே சாப்பிடுகிறவர்களை நம்பி நடக்கும் மெஸ்ஸைக் கண்டுபிடித்தால் ராத்திரிச் சாப்பாட்டுக் கவலை தீர்ந்தது.

மேப்பில் தேடும் முறை

பலர் செய்வது, பார்க் வாசலில் நின்றுகொண்டு ‘அருகில் உள்ள உணவகம்’ என்று தேடுவது. அப்போது மேப் காட்டுவது வாசலில் இருக்கும் கடைகளைத்தான். அதிலும் மேலே வரும் ஒன்றிரண்டு, விளம்பரத்துக்குப் பணம் கட்டியவையாக இருக்கலாம். பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் அப்படிப் போட்டிருக்கும்.

அதற்குப் பதிலாக, வீட்டில் இருக்கும்போதே மேப்பைத் திறந்து திருப்போரூர் ஊருக்கு நகர்த்துங்கள். ‘ரெஸ்டாரன்ட்’ என்று போடாமல் ‘மெஸ்’, ‘டிபன் சென்டர்’, ‘மீல்ஸ்’ என்று போட்டு, ‘இந்தப் பகுதியில் தேடு’ என்பதை அழுத்துங்கள். தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை. இரண்டுக்கும் வேறு வேறு கடை வரும்.

நட்சத்திரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். விமர்சனங்களைப் ‘புதியவை முதலில்’ என்று வரிசைப்படுத்தி, கடைசி இரண்டு மூன்று மாதத்தில் எழுதியதைப் படியுங்கள். அதைவிட முக்கியம் போட்டோ. கடைக்காரர் போட்ட போட்டோ அல்ல, சாப்பிட்டவர்கள் போட்டது. அதில் விலைப்பலகையோ பில்லோ அகப்பட்டால் பொக்கிஷம். எப்போது எடுத்த படம் என்று தேதியைப் பாருங்கள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய விலையை நம்பி பட்ஜெட் போட முடியாது. பிடித்த நாலைந்து கடைகளைச் சேமித்துவைத்து, அந்தப் பகுதி மேப்பை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். சிக்னல் கிடைக்காத இடத்திலும் வழி காட்டும்.

கடை நேரத்தை மேப் சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டாம். சின்னக் கடைகளில் மதியம் மூன்று, மூன்றரைக்கு மேல் சாப்பாடு இருக்காது. மறுபடி அடுப்பு பற்றுவது சாயங்காலம் டிபனுக்கு. ஒரு போன் போட்டு ‘அண்ணே, ராத்திரி எட்டு மணிக்கு அஞ்சு பேர் வரோம், இருக்குமா?’ என்று கேட்டால் நேராகச் சொல்லிவிடுவார்கள். அப்படிக் கேட்கும்போது யாராவது ‘முன்பதிவுக்கு இந்த லிங்க்கை அழுத்துங்க’ என்றாலோ, ஓ.டி.பி., பின் எண் கேட்டாலோ போனை வைத்துவிடுங்கள். பெயர்பெற்ற கடைகளின் பேரில் போலி எண்ணைப் போட்டு வைக்கும் மோசடி இருக்கிறது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும்.

மேப்பில் ஏறாத நல்ல கடைகள் இன்னும் எத்தனையோ. ஆட்டோ ஓட்டுநரிடம் ‘நல்ல ஹோட்டல் எது?’ என்று கேட்காதீர்கள். ‘நீங்க மதியம் எங்கண்ணே சாப்பிடுவீங்க?’ என்று கேளுங்கள். பார்க்கில் வேலை செய்யும் பிள்ளைகளிடமும் அதே கேள்விதான்.

விலையும் பில்லும்

உட்காரும் முன் விலைப்பலகையைப் பாருங்கள். ஏ.சி. ஹாலுக்கு விலை தனியாக இருக்கும். ‘அளவுச் சாப்பாடா, அன்லிமிடெட்டா?’ என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அன்லிமிடெட் வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். பார்சல் சாப்பாடு பல கடைகளில் இரண்டு பேருக்கு வரும். மூன்று பார்சல் வாங்கி ஐந்து பேர் பகிர்ந்துகொள்ளும் குடும்பங்கள் உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தூக்குச்சட்டியும் டிபன் பாக்ஸும் கொண்டுபோனால் பார்சல் சார்ஜும் மிச்சம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. கொதிக்கும் சாம்பாரை பிளாஸ்டிக் கவரில் கட்டினால் வேண்டாமென்று சொல்லுங்கள்.

ஈ.சி.ஆர். பக்கம், கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ மீன் சாப்பிடுவதாக இருந்தால் தட்டில் விழும் முன் விலை பேசிவிடுங்கள். மீன் விலை அன்றன்றைக்கு மாறும், அளவைப் பொறுத்தும் மாறும். ‘ஒரு பீஸ் எவ்வளவு?’ என்ற கேள்விக்குப் பதில் வராத கடையில் வறுவல் சொல்லாதீர்கள்.

இப்போது பில். ஐந்து பேருக்குத் தலா 120 ரூபாய்ச் சாப்பாடு என்றால் 600. சாதாரண உணவகத்தில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 30 ரூபாய். மொத்தம் 630. சில இடங்களில் இதற்கு நடுவில் ‘சர்வீஸ் சார்ஜ்’ 10 சதவீதம் நுழைந்திருக்கும். 600 அப்போது 660 ஆகும், வரி 33 ஆகும், பில் 693-ல் நிற்கும். இந்த 63 ரூபாயைக் கொடுக்கக் கட்டாயம் இல்லை. பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28-ல் அதை உறுதி செய்தது. எடுத்துவிடச் சொல்லுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பரிமாறியவருக்கு நீங்களாக விரும்பிக் கொடுக்கும் டிப்ஸ் வேறு விஷயம்.

ஜி.எஸ்.டி. வாங்கினால் பில்லில் 15 இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-ல் தொடங்கும், வழியில் புதுச்சேரியில் சாப்பிட்டால் 34. எண்ணே இல்லாமல் வரி மட்டும் போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். தொகுப்பு வரித் திட்டத்தில் உள்ள சிறு கடைகள் நம்மிடம் தனியாக வரி வசூலிக்கவே கூடாது. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தால் கடை எந்த வகை என்று தெரிந்துவிடும்.

தண்ணீர் பாட்டில் விஷயத்தில் பலருக்குக் குழப்பம். பெட்டிக்கடையிலோ பேக்கரியிலோ அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது குற்றம். தொழிலாளர் துறையின் டி.என்.-எல்.எம்.சி.டி.எஸ். செயலியில் புகார் செய்யலாம். ஆனால் உட்காரவைத்துப் பரிமாறும் ஹோட்டலில் கூடுதல் விலை வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. அங்கே சண்டை போடுவதைவிட ‘சாதா தண்ணி கொடுங்க’ என்று கேட்பது புத்திசாலித்தனம்.

வயிறு கெட்டால்

மலிவு என்பதற்காகச் சுத்தத்தை விட்டுவிட முடியாது. மறுநாள் ஐந்து பேரும் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் எங்கே போகும்? கடையில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சான்று மாட்டியிருக்க வேண்டும். 14 இலக்க எண் 1-ல் தொடங்கினால் உரிமம், 2-ல் தொடங்கினால் சிறு கடைக்கான பதிவு. இரண்டும் செல்லும், சிறு கடை என்பது தரக்குறைவு அல்ல. 2022 ஜனவரி முதல் இந்த எண் பில்லிலும் அச்சாக வேண்டும். ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ செயலியில் எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். எண்ணைவிட முதலில் கண்ணை நம்புங்கள். தட்டு கழுவும் இடம், எண்ணெயின் நிறம், சட்னிப் பாத்திரத்துக்கு மூடி இருக்கிறதா என்பது வாசலிலிருந்தே தெரியும்.

கெட்டுப்போன உணவு, புழு, கெட்ட எண்ணெய் என்று எதைக் கண்டாலும் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்கு அனுப்பலாம். உணவின் படம், பில், கடைப் பெயர், ஊர், தேதி, நேரம் எல்லாம் சேர்த்து அனுப்புங்கள். பில் இல்லாவிட்டால் யு.பி.ஐ. பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டை வையுங்கள். கடை செங்கல்பட்டு மாவட்டத்தில், நாமோ கடலூர் மாவட்டத்தில் என்று யோசிக்க வேண்டாம். புகாரில் ஊரும் மாவட்டமும் தெளிவாக இருந்தால், வளையமாதேவிக்குத் திரும்பியபிறகு திண்ணையில் உட்கார்ந்தும் அனுப்பலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் புகார் அப்புறம். முதலில் ஓ.ஆர்.எஸ்., நிற்காவிட்டால் 108. மருத்துவ ஆலோசனைக்கு 104.

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் போய் வருகிறவர்கள் அம்மா உணவகத்தையும் மேப்பில் தேடிக்கொள்ளலாம். 2013-ல் ஒரு ரூபாய் இட்லி, ஐந்து ரூபாய் சாம்பார் சாதம், மூன்று ரூபாய் தயிர் சாதம் என்று தொடங்கியது. திருப்போரூர் பேரூராட்சி, மாநகராட்சி எல்லையில் வராது.

பேருந்தில் திரும்பி வரும்போது வடலூரில் இறங்கி மாறுவீர்கள். 1867 மே 23-ல் வள்ளலார் தொடங்கிய தருமசாலையில் இன்றும் அடுப்பு அணையாமல் எரிகிறது. பிள்ளைகள் பார்த்ததில்லை என்றால் கூட்டிப் போய்க் காட்டுங்கள். அங்கே யாரும் விலை கேட்பதில்லை, பெயரும் கேட்பதில்லை.