எக்செல் ஃபைல் திறக்கலையா? டப்பாவைப் பிரிச்சுப் பாருங்க!

ஜவ்வாது மலைக்கு என்எஸ்எஸ் முகாம் போறீங்கன்னு வெச்சுக்கோங்க. ஜமுனாமரத்தூர் சுத்துவட்டாரத்தில் நாலஞ்சு கிராமம், ஏழு நாள். வீட்டில் எத்தனை பேர், குடிதண்ணி எங்கிருந்து வருது, எத்தனை ஏக்கரில் சாமை போட்டிருக்காங்க, பிள்ளைங்க எதுவரை படிச்சிருக்காங்க என்று வீடு வீடாகக் கேட்டு, ராத்திரி ஒரே லேப்டாப்பில் ஏத்துறீங்க. கடைசி நாள் பென்டிரைவில் காப்பி ஓடிக்கிட்டு இருக்கும்போதே, பஸ் வந்துடுச்சுன்னு யாரோ அதைப் பிடுங்கிடுறாங்க. லேப்டாப்பின் சொந்தக்காரர் 'இனிமே இது எதுக்கு' என்று அதிலிருந்த ஃபைலையும் அழிச்சாச்சு. காலேஜில் வந்து பென்டிரைவைத் திறந்தா, "ஃபைல் கெட்டுப்போயிருக்கு" என்று எக்செல் கையை விரிக்குது.

இதில் போனது உங்க ஏழு நாள் உழைப்பு மட்டும் இல்ல. காட்டு வேலையை விட்டுட்டு, திண்ணையில் உட்கார்ந்து பொறுமையா பதில் சொன்ன மக்களோட நேரமும் அந்த ஃபைலுக்குள்ள இருக்கு. "டேட்டா அழிஞ்சுபோச்சு, திரும்பச் சொல்லுங்க" என்று அதே வாசலில் போய் நிற்பது நியாயம் இல்லை.

நல்ல செய்தி என்னன்னா, "கெட்டுப்போச்சு" என்றால் "உள்ளே இருப்பது எல்லாம் போச்சு" என்று அர்த்தம் இல்லை. பல நேரம் மூடிதான் உடைஞ்சிருக்கும், சாமான் உள்ளேயே இருக்கும்.

முதலில் செய்யக்கூடாதவை

ஒன்று, அசல் ஃபைலைத் தொடாதீங்க. அதை ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, எல்லா சோதனையையும் காப்பியில்தான் செய்யணும். ரிப்பேர் பண்றேன்னு திறந்து, அதே பெயரில் சேவ் பண்ணிட்டா, மீட்கக்கூடியதும் போயிடும்.

இரண்டு, அந்த பென்டிரைவிலும், அசல் அழிக்கப்பட்ட அந்த லேப்டாப்பிலும் புதுசா எதையும் எழுதாதீங்க. அழிச்ச ஃபைல் பல நேரம் உடனே மறைஞ்சுடாது. அந்த இடத்தில் வேறொன்று எழுதப்பட்டா போயிடும். ரீசைக்கிள் பின்னையும் ஒரு தடவை பாருங்க.

மூன்று, 'இலவசமா ரிப்பேர் பண்றோம்' என்கிற வெப்சைட்டில் இந்த ஃபைலை ஏத்தாதீங்க. உள்ளே இருப்பது ஊர்க்காரங்க பெயர், போன் நம்பர், குடும்ப விவரம். அதை முகம் தெரியாத சர்வருக்கு அனுப்ப அவங்க நமக்கு அனுமதி கொடுக்கலை.

உண்மையிலேயே கெட்டிருக்கா?

வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ வந்த ஃபைல் என்றால், விண்டோஸ் சில சமயம் சந்தேகப்பட்டுத் தடுத்து வைக்கும். அதையே எக்செல் "கெட்ட ஃபைல்" என்று சொல்லும். ரைட் கிளிக் பண்ணி, ப்ராப்பர்ட்டீஸில் 'அன்பிளாக்' டிக் பண்ணிப் பாருங்க.

அடுத்து, ஃபைல் சைஸைப் பாருங்க. 0 கேபி என்றால் உள்ளே எதுவும் இல்லை. சைஸ் இருந்தால், காப்பியை நோட்பேடில் திறந்து முதல் எழுத்துகளைப் பாருங்க. பிகே என்ற இரண்டு ஆங்கில எழுத்தில் தொடங்கினால் அது புது வகை எக்செல்எக்ஸ் ஃபைலாக இருக்கும். ஜிப் வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் இனிஷியல்தான் அந்த பிகே. எச்டிஎம்எல் டேக் தெரிந்தால், அது எக்செல் ஃபைலே இல்லை. ஏதோ ஒரு போர்ட்டல், வெப் பக்கத்தின் அட்டவணைக்கு எக்செல் பெயர் சூட்டி அனுப்பியிருக்கு. பிரவுசரில் திறந்தாலே தெரியும்.

டப்பாவுக்குள் என்ன?

எக்செல் 2007-இல் வந்த புது ஃபைல் வடிவம் உண்மையில் ஒரு ஜிப் டப்பா. காப்பியின் எக்ஸ்டென்ஷனை 'ஜிப்' என்று மாத்தித் திறந்தா, உள்ளே சில எக்ஸ்எம்எல் ஃபைல்கள் இருக்கும். நமக்கு மூன்று முக்கியம்.

'ஷீட்1': வரிசை வரிசையாக ஒவ்வொரு செல்லின் மதிப்பும் இதில்தான்.

'ஷேர்டு ஸ்ட்ரிங்ஸ்': எழுத்தெல்லாம் இங்கே. "சாமை" என்று 200 செல்லில் டைப் பண்ணியிருந்தாலும், அந்தச் சொல் இங்கே ஒரே தடவைதான் இருக்கும். ஷீட்டில் அதன் வரிசை எண் மட்டும் இருக்கும்.

'ஸ்டைல்ஸ்': கலர், ஃபான்ட், தேதி எப்படித் தெரியணும் என்பது போன்ற அலங்காரம். இது உடைஞ்சா ஃபைலே திறக்காமல் போகலாம். ஆனா இது போனாலும் உங்க சர்வேக்குப் பெரிய நஷ்டம் இல்லை.

இன்னொரு விஷயம்: ஜிப் டப்பாவின் பொருளடக்கம் கடைசியில் எழுதப்படும். காப்பி பாதியில் நின்றால் முதலில் காணாமல் போவது அதுதான். பொருளடக்கம் இல்லைன்னா எக்செல் திறக்காது. ஆனா முன்னாடி இருக்கும் ஒவ்வொரு பகுதிக்கும் தனித் தலைப்பு உண்டு. அதை வெச்சு உள்ளதை வெளியே எடுக்கலாம்.

மீட்கும் வரிசை

1. எக்செலில் ஃபைல் – ஓப்பன் போய், ஃபைலைத் தேர்ந்தெடுத்து, ஓப்பன் பட்டனுக்குப் பக்கத்து அம்புக்குறியில் 'ஓப்பன் அண்ட் ரிப்பேர்'. முதலில் 'ரிப்பேர்', அது நடக்கலைன்னா 'எக்ஸ்ட்ராக்ட் டேட்டா'.

2. லிப்ரே ஆபீஸ் கால்க். எக்செல் மறுக்கும் ஃபைலை இது சில நேரம் திறந்துவிடும். திறந்தால் உடனே புதுப் பெயரில் சேவ் பண்ணுங்க.

3. செவன் ஜிப். பாதியில் அறுந்த ஃபைலிலும், கிடைத்த பகுதிகளை இது காட்டும். ஷீட்1-ஐ வெளியே எடுத்து நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் திறங்க. அறுந்த இடம் வரை வரிசைகள் இருக்கும். கடைசி அரைகுறை வரிசையை வெட்டிட்டு, திறந்து கிடக்கும் டேக்குகளை மூடினா, சின்ன பைத்தான் நிரலால் அட்டவணையாக மாத்திடலாம். தேதி இருக்க வேண்டிய இடத்தில் 45292 மாதிரி எண் வந்தா பயப்படாதீங்க. எக்செல் தேதியை நாள் கணக்காகத்தான் வைக்கும். 45292 என்றால் 2024 ஜனவரி 1.

எக்செல் எழுதும் ஃபைலில் வழக்கமா ஷீட்டுக்குப் பின்னாடிதான் ஷேர்டு ஸ்ட்ரிங்ஸ் வரும். அதனால் அறுந்த ஃபைலில் எண்கள் கிடைச்சு, பெயர்கள் கிடைக்காமல் போகலாம். அப்போ கை கொடுப்பது, ஒவ்வொரு காகிதப் படிவத்திலும் நீங்க போட்ட வரிசை எண்தான். போட்டிருந்தால்!

4. கரன்ட் திடீர்னு போய் லேப்டாப் அணைந்த கேஸில், சைஸ் சரியாக இருந்தும் உள்ளே முழுக்க பூஜ்ஜியமே நிரம்பியிருக்கலாம். அதை எந்த மென்பொருளாலும் ரிப்பேர் செய்ய முடியாது. நேரத்தை வீணாக்காம பழைய பிரதியைத் தேடுங்க. எக்செலில் ஃபைல் – இன்ஃபோ – மேனேஜ் ஒர்க்புக்கில் சேவ் ஆகாத பிரதிகள் இருக்கும். ஆட்டோரெகவர் இயல்பாக 10 நிமிஷத்துக்கு ஒருமுறை நடப்பது. அதே ஃபோல்டரில் 'டிஎம்பி' என்று முடியும் ஃபைல் இருந்தால், காப்பி எடுத்து எக்ஸ்டென்ஷன் மாத்திப் பாருங்க. அலைக்குறியும் டாலர் குறியுமாகத் தொடங்கும் குட்டி ஃபைல் வேண்டாம். அது வெறும் பூட்டு, டேட்டா இல்லை. கூகுள் டிரைவில் இருந்தா வெர்ஷன் ஹிஸ்டரி.

சத்தமில்லாமல் கெடுவது

திறக்காத ஃபைலாவது நமக்குச் சொல்லிட்டுக் கெடுது. ஒழுங்கா திறந்து, உள்ளே தப்பாக இருக்கும் ஃபைல்தான் இன்னும் மோசம்.

நிலத்தின் சர்வே எண் 12/3 என்று அடிச்சா, எக்செல் அதை மார்ச் 12 ஆக்கிடும். 16 இலக்க எண்ணை அடிச்சா, 15 இலக்கத்துக்கு மேல் இருப்பது பூஜ்ஜியமாகிடும். அப்புறம் திருப்ப முடியாது. எண் அடிக்கும் முன்னாடியே அந்தக் காலத்தை 'டெக்ஸ்ட்' ஆக மாத்திடணும். தமிழில் பெயர்கள் உள்ள ஷீட்டைச் சாதாரண சிஎஸ்வி ஆக சேவ் பண்ணினா, எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிடும். அதிலிருந்து பெயரை எவராலும் மீட்க முடியாது. 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்பதைத்தான் தேர்ந்தெடுக்கணும்.

இது நம்ம பிரச்சினை மட்டும் இல்லை. 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பில் 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேராமல் போயின. காரணம், 65,536 வரிசைக்கு மேல் ஏற்காத பழைய எக்செல் வடிவம். அதே ஆண்டு, எக்செல் தேதியாக மாத்திவிடும் தொல்லை தாங்காமல், மனித மரபணுப் பெயரிடும் குழு சில மரபணுக்களின் பெயரையே மாத்தினது!

காவலூர் சொல்லும் பாடம்

இதே ஜவ்வாது மலையில் காவலூரில் வைனு பாப்பு வானாய்வகம் இருக்கு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடக்கும் நிகழ்வை அங்கே 1 மீட்டர் தொலைநோக்கியில் பதிவு செய்தாங்க. விண்மீனின் ஒளி சில நொடி மங்கினது. அது ஒரு புதுத் துணைக்கோளாக இருக்கலாம் என்று முதலில் கருதினாங்க. அதே இரவில் விமானத்தில் பறந்தபடி கவனித்த அமெரிக்கக் குழு, யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்டது. காவலூர்காரங்க தங்கள் பதிவை மறுபடி ஆராய்ந்து, வளைய அமைப்பு பற்றி அதே ஆண்டிலேயே கட்டுரை வெளியிட்டாங்க.

முதல் விளக்கம் மாறினது, பதிவு மாறலை. மூலப்பதிவு கையில் இருந்ததால்தான் திரும்பிப் பார்க்க முடிஞ்சது. அந்த நொடியைத் திரும்ப வரவழைக்க யாராலும் முடியாது.

உங்க மூலப்பதிவு அந்தக் காகிதப் படிவங்கள்தான். அதனால் அடுத்த முகாமுக்கு:

– ஒவ்வொரு படிவத்துக்கும் வரிசை எண். அதே எண் ஷீட்டின் முதல் காலத்தில். அன்றைக்கே படிவத்தைப் போனில் போட்டோ.

– தினமும் ராத்திரி புதுப் பெயரில் ஒரு காப்பி: நாள்1, நாள்2, நாள்3. கூடவே ஒரு சிஎஸ்வி யுடிஎஃப்-8. அது வெறும் எழுத்து, பாதி அறுந்தாலும் மீதியைப் படிக்கலாம்.

– மலையில் சிக்னலை நம்பாதீங்க. இரண்டு லேப்டாப், ஒரு பென்டிரைவ், மூன்றும் மூன்று பேர் பையில்.

– பென்டிரைவை 'இஜெக்ட்' பண்ணி எடுத்து, இன்னொரு மெஷினில் திறந்து, கடைசி வரிசை இருக்கான்னு பாருங்க. அதுக்கப்புறம்தான் அசலை அழிப்பதைப் பற்றி யோசிக்கணும்.

இதுக்கெல்லாம் ராத்திரிக்குப் பத்து நிமிஷம் போதும். பஸ் காத்திருக்கும்.